உழைச்செல்வான்

திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரம், மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்துக்காட்டி நிறைவுறுகின்றது. நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து ஆகியவற்றோடு அங்கு வைத்து எண்ணப்படுபவன் 'உழைச்செல்வான்'. அஃதாவது, நோயாளியின் அருகிருந்து பணிபுரிபவன். மருந்துக்கு நிகராக மனிதத் துணையையும் வள்ளுவர் எண்ணியதன் பொருத்தத்தை, வன்னியிலிருந்து புற்றுநோய்ச் சிகிச்சைக்காகப் புறப்படும் குடும்பங்கள் நன்கறியும்.

கிளிநொச்சிக் கமக்காரர் ஒருவர் தம் மனைவியை மகரகமைக்கு அழைத்துச் சென்றார். முந்நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட பயணம். இரணைமடுக் குளத்தின் கீழுள்ள அவரது வயலில் பெரும்போக நெல் முற்றி நின்ற காலம் அது. ஓரிரு நாளில் திரும்பலாம் என்றே அவர் எண்ணியிருந்தார். ஆயின், கதிர்ச்சிகிச்சை அவ்வாறு முடிவதன்று. சிறு சிறு பங்குகளாகக் கதிரைச் செலுத்தினால் இடைவேளையில் நல்ல உயிரணுக்கள் தேறிக்கொள்ளும் என்பதை 1920களில் பாரிஸ் நகரில் ரெகோ, கூத்தார் ஆகியோரின் ஆய்வுகள் உணர்த்தின. அதனாலேயே இன்றும் நோயாளர் பலருக்கு அது வாரத்தில் 5 நாள் வீதம் பல வாரங்கள் வழங்கப்படுகின்றது. ஒரு நாளைய சிகிச்சை சில நிமிடங்களே. எஞ்சிய பொழுது முழுவதும் துணையிருப்பவருடையது.

அப்பொழுதை நிரப்பும் பணிகள் பேசப்படாதவை. வாடகைச் சிற்றறையில் கஞ்சி காய்ச்சுதல், வாய்ப்புண்ணுக்கு ஏற்ப அதனை ஆற்றிக் கொடுத்தல், துண்டுகளைத் தேதிப்படி அடுக்குதல், சிங்களத்தில் சொல்லப்பட்டதைத் தெரிந்த ஒருவரிடம் கேட்டு உறுதிசெய்தல். இவற்றுக்கு மேலாக, முகத்தைக் கலங்காது வைத்திருத்தல்.

"இஞ்சாருங்கோ, அரிவு வெட்டு முடிஞ்சுதோ?" என்று ஒரு மாலை மனைவி கேட்டார்.

"தம்பி பார்க்கிறான். நீர் இந்தக் கஞ்சியைக் குடியும்."

மழையில் நெல் சாய்ந்துவிட்ட செய்தி அன்று காலையிலேயே தொலைபேசியில் வந்திருந்தது. நோயின் பெயரையும் அவர் அதுவரை மனைவியிடம் சொல்லவில்லை. சற்றுநேரம் அவர் முகத்தையே பார்த்திருந்த அப்பெண், "நெல்லுப் போனால் அடுத்த போகம் விதைக்கலாம். எனக்கு ஒண்டையும் மறைக்காதேங்கோ," என்றார். அன்றிரவு இருவரும் நெல்லைப் பற்றியும் நோயைப் பற்றியும் மறைவின்றிப் பேசினர். தைரியம் கொடுக்க வந்தவர் அதனைப் பெற்றுக்கொண்டார். உழைச்செல்வானின் பணி ஒருவழிப் பாதையன்று என்பது அவருக்கு அன்று விளங்கிற்று.

2011ஆம் ஆண்டு தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாள் நடந்து திரட்டப்பட்ட நிதியினால் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. முந்நூறு கிலோமீற்றராக இருந்த தூரம் கிளிநொச்சியாருக்கு ஏறத்தாழ எண்பதாகக் குறைந்தது. பெரும்பேறுதான் அது. எனினும், முல்லைத்தீவின் உட்கிராமங்களிலிருந்து நாள்தோறும் போய்வருதல் நலிந்த உடலுக்கு இன்றும் எளிதன்று.

அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் கட்டணமில்லை. ஆனால் அறை வாடகைக்கும், பேருந்துக் கட்டணத்துக்கும், அறுவடையின்றிப் போன வயலுக்கும் விலையுண்டு. நான்கு கூறுகளில் வைத்தியரையும் மருந்தையும் சமுதாயம் பொறுப்பேற்றுள்ளது. நான்காவது கூறோ அவரவர் மடிச்சீலையை நம்பி நிற்கின்றது. வைத்தியசாலை வாசலருகே தங்குமிடம் ஒன்று அமைவதும், அங்கே நோயாளியின் மொழி பேசும் ஒருவர் இருப்பதும் தருமமல்ல, அவையும் மருந்தே.