லூப்பை மாத்து மச்சி!

எங்க டிபார்ட்மென்ட்ல தீராத பஞ்சாயத்து ஒண்ணு உண்டு. அர்ரேயைச் சுத்தி வர 'ஃபார்' லூப் வேகமா, 'வொயில்' லூப் வேகமா? "வொயில்தான்டா!"னு சீனியர்கள் சூடம் அணைக்காத குறை.

சி மொழியில ரெண்டையும் எழுதி, டைமர் போட்டுப் பார்த்தேன். வித்தியாசமே இல்லீங்க. ஒரே வேலையைச் செய்தா, கம்பைலர் ரெண்டையும் கிட்டத்தட்ட ஒரே மெஷின் கோடாத்தான் மாத்துது. இதுல ஒரு உஷார்... லூப் போட்ட கூட்டலை நீங்க எங்கேயும் பயன்படுத்தலைன்னா, ஆப்டிமைசேஷன்ல கம்பைலர் லூப்பையே தூக்கிக் கடாசிடும். நேரம் பூஜ்யம்னு காட்டும். 'ஆஹா, ராக்கெட்!'னு ஏமாந்துடாதீங்க!

அப்ப வேகம் எங்கதான் இருக்கு? போற வழியில!

என் ரூம் மேட்டோட ப்ராஜெக்ட், போட்டோக்களை அலசுற ப்ரோக்ராம். ஆமை வேகம். "லேப்டாப் பழசுடா, புதுசு வாங்கணும்"னு ஊருக்கு போன் போட்டுட்டான். அவங்க அம்மா செயினை அடகு வைக்கக் கிளம்பிட்டாங்க. நான் கோடை வாங்கிப் பார்த்தேன். ரெண்டு பரிமாண அர்ரேல பயல் மேலிருந்து கீழே, பத்தி பத்தியா இறங்கிட்டிருந்தான்.

சி மொழி அர்ரேயை வரிசை வரிசையா மெமரியில அடுக்குது. ப்ராசஸர் ஒரு எண்ணைக் கேட்டா, பக்கத்துல இருக்கிறதையும் சேர்த்து அள்ளிட்டு வந்து 'கேஷ்'ல வைக்கும். இன்டெல், ஏஎம்டி ப்ராசஸர்கள்ல ஒரு அள்ளு 64 பைட். நாலு பைட் எண்ணுன்னா 16 எண்கள். ஒரு இட்லி கேட்டா, 16 இட்லியைத் தட்டோட கொண்டு வந்து வைக்கிற மெஸ் அண்ணாச்சி மாதிரி! வரிசையா போனா பதினாறையும் சாப்பிடலாம். பத்தியா இறங்கினா? ஒரு இட்லியைப் பிட்டுட்டு அடுத்த டேபிளுக்கு ஓடுற கதைதான். பெரிய அர்ரேன்னா, திரும்பி வர்றதுக்குள்ள பழைய தட்டை எடுத்துட்டுப் போயிடுவாங்க.

உள் லூப்பையும் வெளி லூப்பையும் இடம் மாத்தினோம். அவ்வளவுதான். அதே லேப்டாப், அதே போட்டோ... பல மடங்கு வேகம்! பய அன்னிக்கு ராத்திரியே வீட்டுக்கு போன் போட்டு, "அம்மா, செயின் கழுத்துலயே இருக்கட்டும்"னான்.

இதையே ஃபோர்ட்ரான்ல எழுதினா கதை தலைகீழ். அது பத்தி பத்தியாத்தான் அடுக்கும். அதனால எந்த சீனியர் சொன்னாலும் சரி, நானே சொன்னாலும் சரி, உங்க மெஷின்ல ஒரு தடவை டைமர் போட்டுப் பார்த்துடுங்க பாஸ்!