முந்திக்கொண்ட கையெழுத்து

2025 ஜூன் 9, திங்கள்

முதல் நாள். மோட்டார் பம்ப் கம்பெனி, தரக்கட்டுப்பாடு. இரண்டு வருடம் இருப்பேன், நடுவில் போனால் ஒரு லட்சம் கட்டுவேன் என்று முத்திரைத்தாளில் கையெழுத்து. மத்தியானமே போர் கேஜைக் கையில் கொடுத்துவிட்டார்கள். பம்ப் கேசிங்கின் துளைக்குள் விட்டு லேசாக ஆட்டினால் முள் ஓரிடத்தில் திரும்பும், அதுதான் அளவு. மிஷின் எண்ணெய் வாடை சோப்புக்கும் போகவில்லை.

ஜூன் 12, வியாழன்

ஒரகடத்திலிருந்து மெயில். கார் உதிரிபாகக் கம்பெனி, டிசைன் பிரிவு. மார்ச்சில் இன்டர்வியூ வைத்துவிட்டு மூச்சே விடாதவர்கள்! சம்பளம் ஏழாயிரம் கூட. அது கிடக்கட்டும், வரைகிற வேலை. படித்ததே அதற்குத்தான். ஜூலை 14க்குள் சேர வேண்டுமாம். ராத்திரி சோறு இறங்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

வக்கீல் மாமா வீடு. "ஒப்பந்தச் சட்டம் 27ஆம் பிரிவுப்படி பத்திரமே செல்லாதாமே" என்றேன். சிரித்தார். வேலையை விட்ட பிறகு வேறெங்கும் சேராதே என்பதற்குத்தான் அது. வேலையில் இருக்கும் காலத்துக்கான நிபந்தனை வேறு. மூன்று வருடம் முடியுமுன் ஐடிபிஐ வங்கிக்குப் போன விஜயா வங்கி அதிகாரி கட்டிய 2 லட்சம் சரிதான் என்று போன மாதம்தான் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறதாம்.

"ஆனா அது அரசு வங்கி. விளம்பரம், போட்டின்னு செலவழிச்சு ஆள் எடுக்கணும். உனக்கு என்ன செலவு பண்ணாங்க? 74ஆம் பிரிவுல நியாயமான நஷ்டஈடுதான். எழுதின தொகைக்கு மேல கேட்க முடியாது, அவ்வளவுதான்."

எனக்கான செலவு ஒரு நீலக் கோட்டும் நாலைந்து நாள் டீயும். கோர்ட்டைவிட மேனேஜர் முகத்தைப் பார்ப்பதுதான் கஷ்டம். என் புராஜெக்ட்டைக் கடைசிப் பக்கம்வரை புரட்டிப் பார்த்த ஒரே ஆள் அவர்.

ஜூன் 17, செவ்வாய்

சொல்லிவிட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "வந்து ஒரு வாரந்தானம்மா ஆச்சு?" கொஞ்ச நேரம் கழித்து, "பணத்தப் பத்தி மொதலாளிகிட்டப் பேசறேன். லைன்ல ஆளில்லாம நிக்கப்படாது. உன்ற மாதிரி ஒரு புள்ளயப் பாத்து உட்டுட்டுப் போ."

முழு லட்சமும் கேட்டால் அப்பாவிடம் எப்படிச் சொல்வது?

ஜூன் 18, புதன்

காலேஜ் ஜூனியருக்குப் போன் போட்டேன். வேலை, சம்பளம், பஸ் ரூட் எல்லாம் விவரமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"வர்றேங்க்கா. இன்னொரு இடத்துல இன்டர்வியூ ரிசல்ட் வரணும்... பத்திரம் எழுதி வாங்குவாங்களா?"