மரத்தை அளந்துவிட்டு மெஷினைப் பாருங்கள்!

தோப்பில் ஒரு மரம் சாய்ந்தால் போதும், இரண்டு நாளில் வியாபாரி வந்து நிற்பார். பலாவோ, வேம்போ, பூவரசோ, அவர் கேட்பது பெரும்பாலும் விறகு விலைக்குத்தான். அதே மரம் மில்லுக்குப் போய் அறுபட்டுப் பலகையானால், கன அடிக் கணக்கில் விலை பேசுகிறது. இதைக் கண்ணால் பார்த்த விவசாயிகளுக்கு, 'நாமே அறுத்து நாலு சாமான் செய்தால் என்ன?' என்று தோன்றுவது இயல்பு. அடுத்து வருகிற கேள்வி, 'விலை குறைவாக, வீட்டில் வைத்துக்கொள்கிற மாதிரி சின்ன பேண்ட் சா எதை வாங்கலாம்?' என்பதுதான்.

புதுக்கோட்டை மாவட்டம், ஆலங்குடிப் பக்கத்து விவசாயி ஒருவருக்கும் இதே கேள்விதான். அவருக்கு இருப்பது இரண்டு ஏக்கர். மல்லிகையும் வரப்பு ஓரத்தில் பலாவும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையைக் கடந்த கஜா புயலில் நான்கு பலா மரங்கள் வேரோடு சாய்ந்தன. மூன்றை விறகு விலைக்குக் கொடுத்தார். நான்காவது, அப்பா வைத்த மரம். அதை விற்க மனம் வரவில்லை. மில்லுக்குக் கொண்டுபோய் 2 அங்குலப் பலகைகளாகவும், 4 அங்குலச் சதுரக் கட்டைகளாகவும் அறுத்து, மாட்டுக் கொட்டகையில் அடுக்கிவைத்தார். கைரம்பத்தால் மணை, ஸ்டூல் என்று செய்து பழகியவருக்கு, பூ குறைந்த மாதங்களில் அந்த வேலை பிடித்துப்போனது. பூ விற்ற பணத்தில் வீட்டம்மா சேர்த்துவைத்த 40,000 ரூபாயை நம்பி மெஷின் தேடத் தொடங்கினார்.

மில் வேலை வேறு, வீட்டு வேலை வேறு

அவர் முதலில் ஆசைப்பட்டது, முழு மரத்தையே அறுக்கிற மெஷினுக்கு. ஊரில் 40 வருடமாகத் தச்சு வேலை பார்க்கிற பெரியவர்தான் தடுத்தார்.

"மரத்தை அறுக்க மில்லு இருக்கு தம்பி. அறுத்த பலகையை மறுபடி அறுக்கத்தான் உனக்கு மெஷினு. முதல்ல உன் கொட்டாய்ல கிடக்கறதை அளந்துட்டு வா."

வீட்டுக்கான பேண்ட் சா என்பது சின்ன மில் அல்ல. மேலும் கீழுமாக இரண்டு சக்கரங்கள், அவற்றின் மேல் ஓடும் ஒற்றைப் பட்டை பிளேடு, நடுவில் ஒரு மேஜை, அவ்வளவுதான். தடித்த கட்டையை மெல்லிய பலகைகளாகப் பிளக்கவும், வளைவாக வெட்டவும் இதைப்போல வேறில்லை. பிளேடு மெல்லியது என்பதால் மரம் தூளாவதும் குறைவு. வட்ட ரம்பம் ஒரு வெட்டுக்குச் சுமார் 3 மி.மீ மரத்தைத் தின்றால், சின்ன பேண்ட் சா சுமார் 1 மி.மீதான் எடுக்கும். 100 மி.மீ தடிமனுள்ள கட்டையில் 10 மி.மீ பலகைகள் எடுத்தால், முன்னதில் 7 கிடைக்கும், பின்னதில் 9. அப்பா வைத்த மரத்தில் இரண்டு பலகை கூடுதல் என்பது சின்ன விஷயம் இல்லை.

பார்க்க வேண்டியது இரண்டு அளவு

கடையில் '8 இன்ச் மெஷின்', '10 இன்ச் மெஷின்' என்று சொல்வது சக்கரத்தின் விட்டத்தை ஒட்டிய அளவு. பிளேடுக்கும் பின்பக்கத் தூணுக்கும் இடையிலான அகலம் ஏறக்குறைய இதுதான். பலரும் இதோடு நின்றுவிடுகிறார்கள். கட்டையை நிமிர்த்திவைத்துப் பிளப்பவர் கேட்க வேண்டியது இன்னொன்று: எத்தனை அங்குல உயரம் வரை அறுக்கும்? பொதுவாக, 8 அங்குல மெஷின்களில் 3 அங்குலம், 10 அங்குல மெஷின்களில் 4 அங்குலம், 14 அங்குல மெஷின்களில் 6 அங்குலம் என்ற அளவில் இருக்கும். தயாரிப்புக்குத் தயாரிப்பு இது மாறும் என்பதால், டேப் வைத்து அளந்துவிடுவது நல்லது.

நம் விவசாயியிடம் இருந்த கட்டைகள் 4 அங்குலம். 8 அங்குல மெஷின் விலை குறைவு; ஆனால் கட்டை உள்ளேயே நுழையாது. 14 அங்குல மெஷின் கையிருப்பைத் தாண்டியது. 4 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல் அறுக்கிற 10 அங்குல மெஷின் போதும் என்று முடிவானது. டேப் எடுத்து அளந்த பத்து நிமிடத்தில், பல மாதக் குழப்பம் தீர்ந்தது.

பிளேடு கிடைக்காத மெஷின் வேண்டாம்

மெஷின் ஒருமுறை செலவு. பிளேடு தொடர் செலவு. பிளேடு மழுங்கும், அறுந்தும் போகும். அதனால் மெஷினுக்கு முன்கூட்டியே பிளேடின் மொத்தச் சுற்று நீளத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த நீளத்தில் பிளேடு பக்கத்து டவுனில் கிடைக்குமா, அறுந்தால் ஒட்டித் தருவார்களா என்று விசாரிக்க வேண்டும். மில் பட்டைகளை ஒட்டுகிறவர்கள் எல்லோரும் கால் அங்குலப் பிளேடை ஒட்டித் தருவதில்லை. விலை மலிவு என்று வாங்கி, பிளேடு கிடைக்காமல் மூலையில் துணி போட்டு மூடிவைத்த மெஷின்கள் நிறைய.

அகலம்: வளைவு வெட்டக் கால் அங்குலப் பிளேடு. சுமார் 16 மி.மீ ஆரம் வரை திரும்பும். கட்டையை நேராகப் பிளக்க அரை அங்குலப் பிளேடு. சின்ன மெஷின் சிலவற்றால் அரை அங்குலப் பிளேடைப் போதிய அளவு இழுத்துப் பிடிக்க முடியாது. பிளேடு தளர்ந்தால் வெட்டு கோணலாகும்.

பல்: தடித்த கட்டைக்கு அங்குலத்துக்கு 3 அல்லது 4 பல். ஓர் அங்குலப் பலகைக்கு 6 பல் போதும். எந்த நேரமும் மரத்துக்குள் குறைந்தது 3 பல் இருக்க வேண்டும் என்பது கணக்கு.

தென்னை, பனை அறுப்பவர்கள் கூடுதல் பிளேடு வாங்கிவைப்பது நல்லது. இவை மற்ற மரங்களைவிடச் சீக்கிரம் பல்லை மழுக்கிவிடும்.

பழைய மெஷினும் பரவாயில்லை

40,000-ல் 8,000 ரூபாயைப் பிளேடு, கண்ணாடி, முகக்கவசம், ஒயரிங் ஆகியவற்றுக்கென்று முதலிலேயே எடுத்துவைத்துவிட்டார். மீதியில் அமைந்தது, ஒருமுறை கைமாறிய 10 அங்குல மெஷின். தச்சுப் பெரியவரும் கூடவே போயிருந்தார். பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தார்கள். ஆட்டம் இருக்கிறதா, பேரிங் கரகரக்கிறதா, சக்கரத்தின் மேல் உள்ள ரப்பர் வெடித்திருக்கிறதா, பிளேடு சக்கரத்தின் நடுவிலேயே நிற்கிறதா, மேஜைக்கும் பிளேடுக்கும் மூலைமட்டம் சேர்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். கடைசியாக, கொண்டுபோயிருந்த பலாக்கட்டையை அறுத்துப் பார்த்தார்கள். விற்பவர் காட்டுகிற மெல்லிய பிளைவுட் துண்டை எந்த மெஷினும் அறுக்கும்!

கரண்ட்டில் விளையாட வேண்டாம்

இந்த அளவு மெஷின்களில் அரை ஹெச்.பி ஒட்டி மோட்டார் இருக்கும். சிங்கிள் பேஸ் போதும். ஆனால், இலவச விவசாய மின் இணைப்பிலிருந்து இழுக்கக் கூடாது. அது விதிமீறல். வீட்டு இணைப்பில், எர்த் சரியாக உள்ள பிளக்கில்தான் மாட்ட வேண்டும். மாலையில் வோல்டேஜ் குறைகிற ஊர்களில் மோட்டார் சூடேறும். அந்த நேரத்தில் வேலையைத் தள்ளிப்போடுவது லாபம். கூலிக்கு அறுப்பது, மரம் வாங்கி அறுத்து விற்பது என்று இறங்கினால் கதையே வேறு. மர அறுவை மில்லுக்கு வனத்துறை உரிமம் வேண்டும் என்பதால், முன்கூட்டியே வனச்சரக அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சந்தன மரத்துக்குத் தனி விதிகளே உண்டு.

கை முக்கியம்

மெஷின் வீட்டுக்கு வந்த அன்று வீட்டம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏங்க, காசு போனா அடுத்த பூவுல எடுத்துரலாம். விரலு போச்சுன்னா யாரு வந்து பூப் பறிக்கிறது?"

கை போனால் காடும் போச்சு என்பது விவசாயக் குடும்பத்துக்குத் தெரிந்த கணக்கு. அந்தக் கேள்விக்குப் பதிலாக மெஷினுக்குப் பின்னால் சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்தார்:

* உருண்டைக் கட்டையை அப்படியே மேஜையில் வைக்காதே. பிளேடு பிடித்ததும் உருண்டு கையை இழுத்துக்கொள்ளும். ஒரு பக்கம் தட்டையாக்கு. இல்லையேல், அசையாதபடி பலகையில் ஸ்க்ரூ போட்டுப் பிடி.
* கடைசி நாலு அங்குலத்தைக் கையால் தள்ளாதே, குச்சியால் தள்ளு.
* மேல் கைடு, மரத்துக்கு மேல் கால் அங்குலம்தான் இருக்க வேண்டும். வெளியே தெரிகிற பிளேடு குறைந்தால் ஆபத்தும் குறையும்.
* கையுறை, தொங்கும் துண்டு, லுங்கி வேண்டாம்.
* தோப்பு மரத்தில் ஆணி, வேலிக்கம்பி புதைந்திருக்கும். காந்தம் வைத்துத் தடவிப் பார்.
* பிளேடு மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கு.
* முகக்கவசம் இல்லாமல் சுவிட்சைப் போடாதே.

கடைசி வரியை அலட்சியம் செய்பவர்கள் அதிகம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. கொட்டகையில் மாடு கட்டியிருந்தால், அறுக்கும்போது வெளியே ஓட்டிவிடுங்கள்.

காயாத மரத்தை அறுக்காதீர்கள்

மெஷின் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஈர மரம் அறுத்த பிறகு முறுக்கிக்கொள்ளும். ஓர் அங்குலத் தடிமனுக்கு ஏறக்குறைய ஒரு வருடம் நிழலில் காய வேண்டும். பலகைகளுக்கு இடையே ஒரே தடிமனில் ரீப்பர் கொடுத்து அடுக்கி, இரண்டு முனைகளிலும் பெயின்ட் அடித்துவிட்டால் வெடிப்பு குறையும். பலாவில் மஞ்சள் நிற வைரப் பகுதிதான் காலத்துக்கும் நிற்கும். தஞ்சாவூர் வீணைக்குப் போவதும் பலா மரம்தான். வெளிறிய ஓரப்பகுதியைப் பூச்சி துளைக்கும், அதை ஒதுக்கிவிடுங்கள்.

இந்த வேலையில் அவருக்குப் பெரிய வருமானம் எதுவும் வந்துவிடவில்லை. மகள் கல்யாணச் சீரில் ஒரு பலாமரப் பெட்டியும், நான்கு மணைகளும் கடையில் வாங்காமலே சேர்ந்தன. அக்கம்பக்கத்தில் கேட்டவர்களுக்கு அரிவாள்மனைப் பலகை செய்துகொடுத்தார். மீதிக் கட்டைகள் இன்னும் கொட்டகையில் இருக்கின்றன. மெஷின் வாங்க நினைப்பவர்கள், கடைக்குப் போகும்முன் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு சொந்தக் கொட்டகைக்குள் போய் வாருங்கள். அங்கே மரமே இல்லையென்றால், இப்போதைக்கு மெஷினும் தேவையில்லை.