தொட்டிக்கு ஒரு கல், கைக்கு ஒரு காயம்: நீண்ட இழை

1/
இன்னைக்கு சர்க்கரை, பிரஷர் எதுவும் இல்லை. உப்புத்தண்ணி மீன்தொட்டிக்கு வீட்டிலேயே பாறை செய்த கதை. மருத்துவரான நானே கையைச் சுட்டுக்கிட்டதால நடுவுல கொஞ்சம் மருத்துவமும் வரும். பொறுமையா வாசிங்க.

2/
ஒன்பதாவது படிக்கும் மகளுக்கு கோமாளி மீன் வளர்க்கணும்னு ஆசை. மூணடித் தொட்டி, சுமார் 100 லிட்டர். மீன் கடையில் பாறை கேட்டேன். "ஒரிஜினல் கடல் கல்லு இருக்கு சார், வெளிய சொல்லாதீங்க"ன்னார். கையில் வாங்கிப் பார்த்தேன். செத்த பவளம்.

3/
ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. நம்ம நாட்டில் பவளப்பாறையை எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் முதல் அட்டவணையில் 2001-லேயே சேர்த்துட்டாங்க. புலி இருக்கும் அதே அட்டவணை.

4/
எனக்கு இது வெறும் சட்டம் இல்லை. தூத்துக்குடியில் எங்க தாத்தா வீட்டுச் சுற்றுச்சுவரே பவளக்கல்தான். சின்ன வயசில் அந்தப் பூப்பூவான ஓட்டைகளில் விரலை விட்டு விளையாடுவோம். அது ஒரு உயிர் கட்டின வீடுன்னு அப்போ யாருக்கும் தோணலை. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வெட்டி வெட்டி எடுத்தாங்க. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் தேசியப் பூங்கா ஆக்கினாங்க. அதில் ரெண்டு தீவு இப்போ தண்ணிக்கு மேல இல்லை. பாறையை வெட்டினதும் அதுக்கு ஒரு காரணம். கல்லைத் திருப்பிக் கொடுத்துட்டு வந்தேன்.

5/
தொட்டிக்கு எதுக்குப் பாறை, அழகுக்கா? இல்லை. அது தொட்டியோட கல்லீரல். மீன் வெளியேற்றும் அமோனியா விஷம். பாறையின் நுண்துளைகளில் குடியேறும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். துளை அதிகம்னா குடியிருப்பு அதிகம். கல் கடலில் இருந்து வரணும்னு எந்த அவசியமும் இல்லை.

6/
செய்முறை. அளவெல்லாம் ஒரே டப்பாவால்.
சாதா சிமென்ட் (ஓபிசி) 1 பங்கு.
கோழித்தீவனக் கடையில் கிடைக்கும் உடைத்த கிளிஞ்சல் 2 பங்கு.
கல்லுப்பு 2 பங்கு. தூள் உப்பு வேண்டாம்.
சுவருக்கு அடிக்கும் புட்டியை வெள்ளை சிமென்ட்னு நினைச்சு வாங்கிடாதீங்க. அதில் வேற ரசாயனம் கலந்திருக்கும்.

7/
உப்பு எதுக்கு? பின்னாடி தண்ணியில் போட்டா உப்பு கரைஞ்சு போயிடும், அது இருந்த இடம் துளையாகும். அவ்வளவுதான் சூட்சுமம்.
முதலில் சிமென்ட்டையும் கிளிஞ்சலையும் கலந்து தண்ணி தெளிக்கணும். உப்பு கடைசியில். புட்டுக்கு மாவு பிசைவோமே, அந்தப் பதம்: பிடிச்சா நிக்கணும், உதிர்த்தா உதிரணும். தண்ணி கூடினா துளை அடைஞ்சுடும்.

8/
பிளாஸ்டிக் டப்பில் ஈர மணலைப் போட்டு, கையால் குழி தோண்டி, கலவையை அள்ளி வைங்க. இடையிடையே மணல் உருண்டை வைத்தா, காய்ந்ததும் மணல் உதிர்ந்து குகை கிடைக்கும். மேலே ஈரச் சாக்கு போட்டு மூடி, ரெண்டு நாள் நிழலில் விடுங்க. அவசரப்பட்டுத் தூக்கினா உடையும். என் முதல் கல் மூணு துண்டாச்சு.

9/
இப்போ என் கதை. ஞாயிற்றுக்கிழமை, மொட்டை மாடி. ஆஸ்பத்திரியில் போடும் மெல்லிசு கையுறை போட்டுத்தான் பிசைந்தேன். கிளிஞ்சல் கிழிச்சு, உள்ளே ஈரம் போனது தெரிஞ்சது. வலி இல்லை. "முடிச்சுட்டுக் கழுவிக்கலாம்"னு ஒரு மணி நேரம் ஓட்டினேன். ராத்திரி பதினோரு மணிக்கு எரிய ஆரம்பிச்சது. காலையில் விரல் இடுக்கும் மணிக்கட்டும் சாம்பல் நிறத்தில் வெந்திருந்தது.

10/
ஈர சிமென்ட்டின் பிஹெச் 12-க்கு மேல். கடல்நீர் சுமார் 8. இந்த அளவுகோலில் ஒவ்வொரு எண்ணும் பத்து மடங்கு. நாலு எண் வித்தியாசம்னா 10,000 மடங்கு! அமிலம் பட்டா உடனே சுடும், கையை இழுத்துப்போம். காரம் அப்படி இல்லை. சத்தமில்லாமல் தோலைக் கரைச்சு ஆழமாப் போகும். வலி வரும்போது வேலை முடிஞ்சிருக்கும்.

11/
மூணு வாரம் கையை நனைக்கவே பயந்தேன். அப்போதான் ஒரு அக்கா ஞாபகம் வந்தாங்க. சித்தாள் வேலை. கையெல்லாம் வெடிப்போட ரெண்டு முறை வந்தாங்க. ரெண்டு முறையும் ஆயின்ட்மென்ட் எழுதி, "கிளவுஸ் போடுங்கம்மா"ன்னு அனுப்பினேன். "போட்டா சட்டி வழுக்குது சார்"னு சொன்னாங்க. காதில் வாங்கலை. என் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவங்களுக்குத் தினமும். அவங்க மூணாவது முறை வந்தப்போதான் உட்கார வைத்து முழுசாக் கேட்டேன்.

12/
சிமென்ட் கையாளும் எல்லாருக்கும்:
• கிழியாத, முழங்கை வரை வரும் தடித்த ரப்பர் கையுறை. உள்ளே ஈரமானா உடனே கழற்றணும். ஈரம் புகுந்த கையுறை, கையுறை இல்லாததைவிட மோசம்.
• வலிக்குதோ இல்லையோ, பட்ட இடத்தை ஓடும் தண்ணியில் குறைந்தது 20 நிமிடம் கழுவணும். தூளாக இருந்தா முதலில் தட்டிவிட்டுப் பிறகு தண்ணி.
• நனைந்த துணி, செருப்பைக் கழற்றணும்.
• எலுமிச்சை, வினிகர், பேஸ்ட், மஞ்சள் எதுவும் வேண்டாம்.
• கண்ணில் பட்டா அங்கேயே அரை மணி நேரம் தண்ணி விட்டுக் கழுவி, நேரா கண் மருத்துவர்.
• அரிப்பும் வெடிப்பும் திரும்பத் திரும்ப வந்தா, சிமென்ட்டில் உள்ள குரோமியம் ஒவ்வாமையா இருக்கலாம். தோல் மருத்துவரைப் பாருங்க.

13/
மறுபடி பாறைக்கு. கெட்டியானதும் பெரிய டிரம்மில் ஊறப்போட்டு, வாரம் ஒருமுறை தண்ணி மாற்றினேன். முதல் வாரம் டெஸ்ட் ஸ்ட்ரிப் அதன் உச்ச நிறத்தில் நின்றது. புதுத் தண்ணியில் ரெண்டு நாள் ஊறியும் 8.4-ஐத் தாண்டாத நிலைக்கு வர எட்டு வாரம் ஆச்சு. பிஹெச் ஏறினா மீனின் செவுள் வேகும், அமோனியாவின் விஷமும் கூடும். அதனால் இதில் குறுக்கு வழி தேடாதீங்க.

14/
பிறகு உப்புத்தண்ணி, பாக்டீரியா திரவம், மீன் இல்லாமல் ஐந்து வாரம். அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் ஆனதும், பண்ணையில் பொரித்து வளர்த்த ரெண்டு கோமாளி மீன் வந்தது.

15/
யாராவது பழைய கடல் கல்லைச் சும்மா கொடுத்தா, அதைச் சுத்தம் செய்யுறேன்னு அடுப்பில் வேகவைக்காதீங்க. அதில் ஒட்டியிருக்கும் சில உயிரிகளில் பாலிடாக்சின்னு கொடிய விஷம் உண்டு. ஆவியில் கலந்து மூச்சுத்திணறலோட குடும்பமே ஆஸ்பத்திரியில் சேர்ந்த சம்பவங்கள் வெளிநாடுகளில் பதிவாகியிருக்கு.

16/
மகள் இப்போ வர்ற விருந்தாளிக்கெல்லாம் "இது எங்கப்பா சுட்ட கல்லு"ன்னு காட்டுறா. "கல் அப்பாவைச் சுட்டது"ன்னு நான் திருத்துறேன்.
மீன் வளர்க்காதவங்களும் தெரிஞ்ச கொத்தனார், சித்தாளுக்கு 12-வது பதிவை மட்டுமாவது வாசித்துக் காட்டுங்க.