பார்த்து நடங்க... காலுக்குக் கீழே ஆயிரம் வருஷம்!

மேல்படிப்புக்கு மான்செஸ்டர் போறீங்களா, ஷெஃபீல்டா? எதுவா இருந்தாலும் ஒரு சனிக்கிழமையை ‘கிண்டர் ஸ்கவுட்’டுக்கு ஒதுக்கிடுங்க ஃப்ரெண்ட்ஸ்! ரெண்டு ஊருக்கும் நடுவுல ஈடேல்னு ஒரு குட்டி ஸ்டேஷன். இறங்கி மேலே ஏறினா, 636 மீட்டர் உயரத்துல மரமே இல்லாத மேட்டுச் சமவெளி. இங்கிலாந்தின் ‘பீக் டிஸ்ட்ரிக்ட்’ தேசியப் பூங்காவோட உச்சி இதுதான்.

காலுக்குக் கீழே மெத்துமெத்துனு கறுப்பு மண். பேரு பீட். செத்த பாசியும் செடியும் தண்ணியில ஊறி, முழுசா மட்காம அமுங்கிக் கிடக்குற மண். வருஷத்துக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். அப்போ 1 மீட்டருக்கு? ஆயிரம் வருஷம்! உலக நிலப்பரப்புல சுமார் 3 சதவிகிதம்தான் பீட். ஆனா, எல்லாக் காடுகளையும்விட அதிகமான கார்பனை அது பூட்டி வெச்சிருக்கு. காய்ஞ்சா, அத்தனையும் காத்துல!

கிண்டர்ல அதான் நடந்துச்சு. சுத்தியிருந்த தொழிற்சாலைகளோட புகை, தண்ணியைப் பிடிச்சு வைக்கிற ஸ்பேக்னம் பாசியைக் கொன்னுச்சு. மிச்சத்தை ஆடு மேய்ஞ்சது, தீ தின்னது. போர்வை போன மண்ணை மழை அறுத்துப் பள்ளம் பள்ளமாக்கிடுச்சு.

இந்த மண்ணுக்காக ஜெயிலுக்குப் போனவங்களும் உண்டு. அப்போ இது பணக்காரங்க பறவை வேட்டையாடுற தனிச்சொத்து. 1932 ஏப்ரல் 24-ம் தேதி, பென்னி ரோத்மேன்ங்கிற 20 வயசுப் பையன் தலைமையில நூத்துக்கணக்கானவங்க தடையை மீறி ஏறினாங்க. அஞ்சு பேருக்குச் சிறை. இன்னிக்கு நாம ஜாலியா நடக்குறோம்னா, அவங்களுக்கும் ஒரு தேங்க்ஸ் சொல்லணும்!

1982-ல் இந்த இடம் நேஷனல் டிரஸ்ட் கைக்கு வந்துச்சு. 2003-ல் ‘மூர்ஸ் ஃபார் த ஃபியூச்சர்’ கூட்டமைப்பு தொடங்குச்சு. அப்புறம் வைத்தியம் சூடுபிடிச்சது. ஆடு நுழையாம வேலி, ஹெலிகாப்டர்ல சுண்ணாம்பும் விதையும், பள்ளத்துக்குக் குறுக்கே கல் தடுப்பு. கடைசியா, நம்ம ஊர் நடவு மாதிரியே குனிஞ்சு ஸ்பேக்னம் நாத்து நடுறாங்க. நிறையப் பேர் சம்பளமில்லாத வாலன்டியர்ஸ்!

போறவங்களுக்கு மூணு விஷயம். கல் பதிச்ச பாதையை விட்டு இறங்காதீங்க. திடீர்னு பனி மூடும், மேப் இல்லாம ஏறாதீங்க. தீப்பெட்டிக்கு நோ! 2018 ஜூன்ல பக்கத்து சாடில்வொர்த் மூர் பத்திக்கிட்டப்போ, அணைக்க ராணுவமே வரவேண்டியதாச்சு.

முடிஞ்சா நடவு நாளா பார்த்துப் போங்க. நீங்க வைக்கிற நாத்து ஒரு மீட்டர் பீட் ஆக ஆயிரம் வருஷம் ஆகும். அதனாலதான் சொல்றேன், சீக்கிரம் வெச்சிடுங்க!