குறைமாதக் குழந்தையும் சுற்றத்தார் கடமையும்



யாம் இப் பெங்களூரில் இரயில்வே பார்சல் எழுத்தராகப் பணியாற்றி வருகின்றோம். மூட்டைகளை நிறுத்துக் கட்டணம் கணித்துப் பதிவேட்டில் எழுதுவது எம் தொழில். கிலோக் கணக்கிலேயே பழகிய எமக்குக் கிராமின் அருமையைக் கற்பித்தவள் எம் மகள். கருவுற்ற 31 ஆம் வாரத்திலேயே அவள் பிறந்துவிட்டாள். பிறந்த அன்று எடை 1,340 கிராம்.

37 வாரம் நிறையுமுன் பிறக்கும் குழந்தையைக் குறைமாதக் குழந்தை என்பர். மிக முந்திப் பிறந்த குழந்தைக்கு உடற்சூட்டைக் காக்கும் கொழுப்பு போதிய அளவு இராது, நுரையீரல் முதிர்ந்திராது, பாலை உறிஞ்சுதல், விழுங்குதல், மூச்சுவிடுதல் ஆகிய மூன்றையும் ஒருங்கே செய்யும் திறனும் வந்திராது. ஆதலின் அவளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, மெல்லிய குழாய் வழியே பால் புகட்டினர். 34 நாள்கள் அவ்வாறு கழிந்தன.

எம் சொந்த ஊர் வாணியம்பாடிப் பக்கம். மாமியார் நோயுற்றிருந்தமையால் வர இயலவில்லை. வந்தவர்களோ பலர். ஆயினும் வந்தவர் சொல்லே சில வேளை நோயினும் கொடிதாயிற்று. உறவினர் ஒருவர் வாயிலில் நின்று, “ஏழாம் மாதத்துப் பிள்ளை தங்கும், எட்டாம் மாதத்துப் பிள்ளை தங்காது என்பார்களே” என்றார். அவர் தீய எண்ணத்தோடு கூறவில்லை. ஆயினும் அன்றிரவு எம் இல்லாளுக்குப் பால் சுரப்புக் குறைந்துவிட்டது. அக் கூற்று முற்றிலும் பொய். கருவில் கூடுதலாகத் தங்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு வலிமையே தரும். எட்டாம் மாதம் ஏழாம் மாதத்தினும் நன்று.

எம் பிழையையும் மறைக்கலாகாது. நடுவண் அரசு ஊழியனுக்குத் தந்தைமை விடுப்பு 15 நாள் உண்டு. யாம் மூன்றே நாள் எடுத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பினோம். பணத்தின் பொருட்டு என்று கூறிக்கொண்டோம். உண்மையில் அப் பெட்டியைக் காண அஞ்சினோம். மாலையில் சென்று எடையைக் கேட்போம், சிறு குறிப்பேட்டில் எழுதிக்கொள்வோம், திரும்பிவிடுவோம்.

பத்தாம் நாள், ஸ்ரீராமபுரத்தில் எம் எதிர்வீட்டில் வாழும் கன்னட மூதாட்டி ஒருவர் தூக்குப் பாத்திரத்துடன் வந்தார். தெருவினர் அனைவருக்கும் அவர் அஜ்ஜி. அவர் எடையை வினவவில்லை. மருத்துவர் என்ன கூறினார் என்றும் கேட்கவில்லை. எம் இல்லாளின் தலையைத் தடவி, “ஊட்டா ஆய்தா, மகளே?” என்றார். காலையிலிருந்து அவள் ஒன்றும் உண்ணவில்லை. அதை அன்று மாலை வரை யாமும் கேட்கவில்லை! பத்து நாளும் அழாதவள் அப்பொழுதுதான் அழுதாள். பிறகு உண்டாள். அஜ்ஜி எம்மை நோக்கி, “நீ பிள்ளையின் எடையைக் கேட்கிறாய், இவளைக் கேட்பவர் யார்?” என்று கடிந்துகொண்டார்.

மறுநாளே எஞ்சிய விடுப்பை எடுத்துக்கொண்டோம். விடுப்பு முடிந்த பின்னர் உடன் பணிபுரிவோர் இரவு முறையை மாற்றிக்கொண்டு உதவினர். ஒரு நாள் செவிலியர், “தந்தையும் அணைத்துக்கொள்ளலாம்” என்று சொல்லி, எம் சட்டைப் பொத்தான்களைக் கழற்றச் செய்து, குழந்தையை வெறும் மார்பின்மேல் கிடத்திப் போர்த்தினார். அதுவரை எமக்கு அவள் குறிப்பேட்டில் ஓர் எண்ணாகவே இருந்தாள்.

கங்காரு தாய்ப் பராமரிப்பு என்னும் இம் முறையை 1978 ஆம் ஆண்டு தென்னமெரிக்காவின் கொலம்பிய நாட்டுப் பொகோட்டா நகரில் எட்கர் ரே என்னும் மருத்துவர் தொடங்கினார். போதிய இன்குபேட்டர்கள் இல்லாத வறுமையே அதற்குக் காரணம். இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021 இல் வெளிவந்த ஆய்வில், பிறந்தவுடனே இவ்வாறு அணைக்கப்பெற்ற எடை குறைந்த குழந்தைகளிடையே முதல் 28 நாள்களில் நேர்ந்த இறப்பு, உடல்நிலை சீரான பின்னரே அணைக்கப்பெற்ற குழந்தைகளினும் நான்கில் ஒரு பங்கு குறைவாயிருந்தது. 2022 இல் உலக சுகாதார நிறுவனமும் இதனைப் பரிந்துரைத்தது. பிள்ளையைப் பேணுவதில் பெற்றோரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று நம் நடுவண் அரசு 2017 இலேயே வழிகாட்டு நெறிகள் வெளியிட்டுள்ளது. தாய்ப்பால் போதாத குழந்தைகளுக்காக 1989 இல் மும்பையின் சயான் மருத்துவமனையில் பால் வங்கி தோன்றியது; நம் நகரின் வாணி விலாஸ் மருத்துவமனையிலும் 2022 இல் ஒன்று தொடங்கப்பெற்றது. ஆகவே தாய்க்குப் பால் குறைந்தால் அவளைப் பழித்தல் வேண்டா.

தாய்வீடு தொலைவில் உள்ள நமக்கு இவ்வூரில் அண்டை அயலாரே சுற்றத்தார். அவர்கள் செய்யத்தக்கவை எளியவை. சோறு கொண்டு செல்லுங்கள். மூத்த பிள்ளை இருந்தால் பள்ளிக்கு அழைத்துச் செல்லுங்கள். கன்னடம் அறியாதவர்க்குப் படிவம் நிரப்பிக் கொடுங்கள். குழந்தை வீடு வந்த பின், சளி இருமல் உடையோர் விலகி நில்லுங்கள். “இன்னும் உட்காரவில்லையா?” என்று கேளாதீர்கள், முந்திப் பிறந்த வாரங்களைக் கழித்தே வளர்ச்சியைக் கணித்தல் முறை.

இறுதியாக ஒன்று. எம் மகளுக்கு அடுத்த பெட்டியில் இருந்த ஆண் குழந்தை பன்னிரண்டாம் நாள் இறந்துவிட்டது. அதன் பெற்றோர் வெளித்தாழ்வாரத்தில் அமர்ந்திருந்தனர். என்ன சொல்வதென்று அறியாமல், யாம் காணாதவர் போலக் கடந்து சென்றோம். அஜ்ஜியின் சொல்லைக் கேட்டு இரண்டு நாளே ஆகியிருந்தன. சொல்லுவதற்கு ஒன்றும் வேண்டியதில்லை, “சாப்பிட்டீர்களா?” என்று கேட்டு அருகில் அமர்ந்திருக்கலாம்.

எம் மகளுக்கு இப்பொழுது இரண்டு வயது நிரம்பிவிட்டது. எதிர்வீட்டுப் படியில் ஏறி, அஜ்ஜியிடம் “ஊட்டா ஆய்தா?” என்று மழலையில் கேட்கின்றாள். கேட்கும்போதெல்லாம் அத் தாழ்வாரம் எம் நினைவிற்கு வருகின்றது. நம் அன்பருள் எவரேனும் அத்தகைய தாழ்வாரத்தில் இன்று அமர்ந்திருக்கலாம். அறிந்தவர் உடனே சென்று காண்பாராக.