பக்கவாத்தியம் இல்லாத மூவர்

திருவனந்தபுரத்துக்கும் வயலினுக்கும் உறவு பழையது. தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்கு சுவாதித் திருநாள் மகாராஜா தந்தத்தில் இழைத்த வயலினைப் பரிசளித்தது 1834ல். சீமை வாத்தியம் நம்முடையதாகிவிட்டது. ஆனால் மேடையில் அதற்குக் கிடைத்த இடம் பாடகருக்குப் பக்கத்தில்தான். பாட்டு முன்னே போகும். வயலின் நிழலாகத் தொடரும். லால்குடி ஜெயராமன் போன்றவர்கள் அதைத் தனிக் கச்சேரிக்கு உயர்த்திய பிறகும் ஏற்பாடு மாறவில்லை: பிரதானம் ஒன்று, மற்றவை பக்கவாத்தியம்.

இதற்குப் பழகிய காதைத் திணறவைக்கும் இசைத்தட்டு ஒன்று உண்டு. டெபுஸி, ஃபோரே, ராவெல் என்ற மூன்று பிரெஞ்சுக்காரர்களின் பியானோ ட்ரியோக்களை ஃப்ளாரெஸ்டன் ட்ரியோ வாசிக்க, ஹைபீரியன் நிறுவனம் 1999ல் வெளியிட்டது. வயலினில் ஆந்தனி மார்வுட்; வயலினின் பெரியண்ணனான செல்லோவில் ரிச்சர்ட் லெஸ்டர்; பியானோவில் சூசன் டோம்ஸ். 1995ல் சேர்ந்த இந்த பிரிட்டிஷ் குழு 2012ல் கலைந்துவிட்டது.

இதில் யாரைத் தொடர்வது? பொன்முடி போகும் வழியில், 22 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும் இடத்தில் இருக்கும் கல்லாற்றில் பதில் கிடைக்கலாம். உருண்டைக் கற்களுக்கு நடுவே ஓடுகிறது ஆறு. முதலில் ஒரே இரைச்சல். சற்று நின்றால் பாறையில் மோதும் நீர், இடுக்கில் நுழையும் நீர், பள்ளத்தில் விழும் நீர் எல்லாம் தனித்தனியாகக் கேட்கும். எதுவும் எதற்கும் பக்கவாத்தியம் அல்ல.

இந்தச் சமத்துவம் தானாக வருவதில்லை. பியானோவின் ஸ்வரம் தட்டியதுமே தேயத் தொடங்கும். வில் போடும் வாத்தியத்தின் ஸ்வரமோ நீண்டு நிற்கும். பியானோ பலமாக ஒலித்தால் செல்லோ அமுங்கிவிடும். ராவெல் கண்ட வழி எளிமையானது: பல இடங்களில் வயலினையும் செல்லோவையும் இரண்டு ஸ்தாயி விலக்கி வைத்து, நடுவில் பியானோவுக்கு இடம் விட்டார். 1914ல் உலகப் போர் வெடித்ததும், ராணுவத்தில் சேரும் அவசரத்தில் ட்ரியோவை முடித்தார். பிறகு ராணுவ லாரி ஓட்டினார்.

டெபுஸி தன் ட்ரியோவை எழுதியபோது வயது 18. சைக்கோவ்ஸ்கியின் புரவலரான ஃபான் மெக் சீமாட்டியின் வீட்டில் பியானோ வாசித்த 1880ல் எழுதியது. நூறாண்டுக்கு மேல் கழித்து, 1986ல்தான் அச்சானது. இளமையின் இனிப்பு சற்று தூக்கல்தான்.

நெஞ்சைத் தொடுவது ராவெலின் ஆசிரியரான ஃபோரேதான். அவருடைய ட்ரியோ அரங்கேறியது 1923 மே 12ல், 78வது பிறந்த நாளன்று. அதற்கு வெகு முன்பே அவர் காது கெட்டிருந்தது. கேட்ட கொஞ்சமும் திரிந்தே கேட்டது: கீழ் ஸ்வரங்கள் மேலேறியும் மேல் ஸ்வரங்கள் கீழிறங்கியும். தான் எழுதியதைச் சரியாகக் கேட்க அவருக்கே வழியில்லை. ஆனாலும் இசையில் பதற்றம் இல்லை. செல்லோ தொடங்குகிறது, வயலின் அதை வாங்கிக்கொள்கிறது, பியானோ இருவருக்கும் கீழே ஓடிக்கொண்டே இருக்கிறது. எவரும் எவரையும் மிஞ்சவில்லை.

காது கெட்டவர் மூவருக்கும் சமமாக இடம் கொடுத்திருக்கிறார். நல்ல காது உள்ளவர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஒருவர் பேசும்போது மற்ற இருவரை மறக்காமல் இருப்பது.